கீரைக்கட்டா, வாய்க்கால் புல்லா? முயலுக்கு எது கட்டுப்படியாகும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள். வாங்கிய புதிதில் தினமும் மூன்று கட்டு கீரை, கட்டு 15 ரூபாய். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் 1,350 ரூபாய். வீட்டுப் பால் கணக்கையே எட்டிப் பிடித்துவிட்டது. அப்புறம்தான் மற்ற வழிகளைத் தேடினேன்.

நான் செய்த தவறு வேறு. முயலுக்குப் புல்தான் சோறு, கீரை வெறும் கூட்டு. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாருள்ள புல்லை மணிக்கணக்கில் மென்றால்தான் பல் தேயும், குடலும் ஓடும். கீரை, முயலின் ஒரு கிலோ எடைக்கு ஒரு கைப்பிடி போதும். கேரட்டோ அவற்றுக்கு அல்வா. என்றைக்காவது ஒரு துண்டு.

கடைக் கீரையில் அலைச்சல் இல்லை, அவ்வளவுதான். அரைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் எல்லாவற்றிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம் என்பதால் தினமும் அதையே போட முடியாது. கொத்தமல்லி, புதினா என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்த கட்டு சாயங்காலமே அழுகத் தொடங்கும்.

சந்தைக் கழிவு இலவசம். மகாராஜநகர் உழவர் சந்தையில் முள்ளங்கி வாங்குபவர்கள் பலரும் இலையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முயலுக்கு அது அருமையான தீனி. காலிஃபிளவர் இலையும் கிடைக்கும். வயிறு ஊதும், ஒன்றிரண்டோடு நிறுத்த வேண்டும். குவியலில் வெங்காயத்தாள் கலந்திருக்கும், அது முயலுக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது.

வீட்டு முருங்கையை நம்பி ஏமாந்தேன். தினமும் ஒரு கொத்து ஒடித்துப் போட்டேன். கூண்டுத் தட்டில் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர்போல வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. முருங்கையில் கால்சியம் அதிகம். முயல் உடம்பு மிச்சக் கால்சியத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். நீடித்தால் கல் அடைக்கும். இப்போது வாரம் இரண்டு கொத்துதான்.

என் ஓட்டு அருகம்புல்லுக்கு. கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பாளையங்கால்வாய்க் கரையோரம் பச்சை பிடித்துவிடும். கதிர் அரிவாளும் ஒரு சாக்கும் இருந்தால் கால் மணி நேர வேலை. ஆனால் கண்ட இடத்தில் அறுக்கக் கூடாது. வயல் வரப்பென்றால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே குனிவேன். நாய் நடமாடும் பாதையோரத்தைத் தொடுவதில்லை. பார்த்தீனியம், உண்ணிச்செடி, எருக்கு ஒரு இலைகூடச் சாக்கில் விழக் கூடாது. குப்பைமேனியும் அப்படித்தான், நமக்கு மூலிகை, முயலுக்கு விஷம். அறுத்ததைச் சாக்கிலேயே அமுக்கி வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். உடனே அலசி, பாயில் பரப்பிவிடுகிறேன். மிஞ்சியதை நிழலில் உலர்த்தினால் கோடைக்கு ஆகும். புதுப் புல்லை முதல் நாளே அள்ளிப் போட்டால் கழிச்சல்தான். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

தொட்டியில் கொத்தமல்லி போட்டும் பார்த்தேன். ஒரு மாதம் வளர்ந்தது, ஒரே ராத்திரியில் தீர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரைக்குப் போக முடியாது. அப்போது உலர்ந்த புல்லும், கூடவே ஒரு கட்டு கொத்தமல்லியும். வெகுநாள் கழித்துப் போய் நிற்கும்போது, "முயல் ஊருக்குப் போயிருந்ததோ?" என்று கேட்பார் கீரைக்கார ஆச்சி.