சமூக ஊடக விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன்: பக்கம் யார் பெயரில் இருக்கிறது?

ஈரோடு, பவானி, கோபி வட்டாரத்தில் கடை கடையாக ஏறி, "உங்கள் சரக்கை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்றுத் தருகிறோம்" என்று சொல்லி மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அப்படி வந்த ஒரு நிறுவனம் எங்களுக்குச் செய்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

எங்களுடையது பவானி ஜமக்காளம். வீட்டிலேயே குழித்தறி, மாமனாரும் கணவரும் நெய்கிறார்கள், விற்பனை என் பொறுப்பு. ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ரகம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படியிருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் எங்கள் ஊர்ப் பெயரிலேயே சந்தையில் மலிவாக விற்கின்றன. அசலைத் தேடுகிறவர்களிடம் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் விளம்பரத்துக்கு இறங்கினோம். மாதம் 12,000 ரூபாய் அவர்களுக்குக் கட்டணம். விளம்பரச் செலவுக்குத் தனியாக 10,000.

சில வாரங்களில் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். ஆர்டர் மட்டும் அதற்கேற்ப வரவில்லை. பின்தொடர்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமே பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியில் காட்டுகிறது. அதைத் திரையில் காட்டும்படி கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் இருந்தவை எல்லாம் வெளிநாட்டு நகரங்கள். ஈரோடும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. காசு கொடுத்துச் சேர்த்த போலிக் கணக்குகள் அவை. ஒரு ஜமக்காளத்தைக்கூட வாங்கப் போவதில்லை.

விளம்பரச் செலவுக்குக் கணக்குக் கேட்டால், அவர்களே தட்டிய ஒரு எக்செல் தாள் வந்தது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் ஒவ்வொரு கட்டணத்துக்கும் பரிவர்த்தனை எண்ணோடு ரசீது தருகிறது. அதைக் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. மெட்டாவின் விளம்பர நூலகம் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பக்கம். கடையின் பெயரைத் தட்டினால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் தெரியும். "ஐந்து விளம்பரம் ஓடுகிறது அக்கா" என்று அவர்கள் போனில் சொன்ன அன்றைக்கு அங்கே இருந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுதான் எங்களுக்குப் பெரிய கேட்டைச் செய்தது. எங்கள் தறியில் நெய்ததைப் படமெடுத்துப் போடாமல், இணையத்தில் கிடைத்த ஏதோ அச்சடித்த மெல்லிய விரிப்பின் படத்தைப் போட்டு, "பவானி ஜமக்காளம்" என்று எழுதியிருந்தார்கள். கோபியிலிருந்து ஒரு பெரியவர், பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கென்று அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறார். நாங்கள் அனுப்பியது கனமான பருத்தி நூலில், பட்டை பட்டையாக நிறம் வைத்து நெய்த அசல் சரக்கு. பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அம்மிணி, படத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றை அனுப்பியிருக்கிறீர்களே, பவானிக்காரர்களும் இப்படி ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மாமனார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை வைத்து நெய்தவர் அவர். எந்தப் போலிச் சரக்கு எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதோ, அதன் படத்தையே எங்கள் பெயரில், எங்கள் காசில் விளம்பரம் செய்திருக்கிறார்கள். பெரியவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேண்டாம் என்று நிறுத்தியபோது அடுத்தது தெரிந்தது. பக்கத்தை எங்களுக்காகத் தொடங்கியதாகச் சொன்னவர்கள், அதைத் தங்கள் நிறுவனத்தின் பிசினஸ் கணக்குக்குள் வைத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்திருந்தது பதிவு போடும் அனுமதி மட்டும். அதையும் ஒரே நாளில் நீக்கிவிட்டார்கள். பக்கத்தை ஒப்படைக்க 40,000 ரூபாய் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் எண்ணும் அவர்கள் பெயரில் வாங்கிய சிம். அந்த எண்ணைத்தான் எங்கள் பைகளில் எல்லாம் அச்சடித்திருக்கிறோம். வழக்கமாக வாங்கும் கல்யாண மண்டபக்காரர் ஒருவர் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். பதிலும், விலைப்பட்டியலும், பணம் அனுப்ப வேறொரு கணக்கும் வந்திருக்கின்றன. நல்லவேளை, பணம் அனுப்பும் முன் வீட்டுக்கு வந்து கேட்டார்.

யாரிடம் வேலை கொடுத்தாலும் பக்கம், விளம்பரக் கணக்கு, சிம் மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் கைபேசியில் தொடங்கப்பட வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கட்டும். அவர்களுக்கு விளம்பரம் போடும் அனுமதியைக் கொடுத்தால் வேலைக்கு அதுவே போதும். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்குப் போகட்டும். "எங்கள் கணக்கில் போட்டால்தான் மலிவு" என்று இழுக்கிறவரை அப்போதே வாசலோடு அனுப்பிவிடுங்கள். படங்கள் உங்கள் சரக்கின் படங்கள்தானா என்று வெளியாகும் முன்பே பாருங்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கையை உறுதியளிக்கும் எவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

இப்போது புதுப் பக்கம், புது எண் தொடங்கியிருக்கிறோம். மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து, உரையாடல்களையும் பணம் அனுப்பிய விவரங்களையும் ஒப்படைத்திருக்கிறோம். பழைய பைகளில் உள்ள எண் இனி எங்களுடையதில்லை. அதை நம்பி யாராவது பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் தெரிவித்தால், எங்கள் புகாரோடு அதையும் சேர்க்கச் சொல்லிக் காவல் துறையிடம் கொடுக்கிறோம்.