பென்சிலினா, மகைனினா?

பென்சிலின் ஒரே இடத்தைக் குறிவைக்கும் மருந்து. பாக்டீரியா தன் செல்சுவரைப் பின்னும்போது இழைகளுக்கு முடிச்சுப் போடும் நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவர் நைந்து, உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கும். நம் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆனால் பென்சிலினை வெட்டும் ஒரு நொதி கிடைத்தாலே பாக்டீரியா தப்பிவிடும்.

மகைனின் வேறு ரகம். 1980களில் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்த ஆப்பிரிக்க நகத்தவளைகளைக் கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே திரும்ப விட்டார். தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் ஆறியது. காரணம், தோலில் இருந்த மகைனின் என்ற பெப்டைடு, அதாவது 23 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதத் துண்டு. (பெயர், 'கேடயம்' என்ற ஹீப்ரு சொல்லிலிருந்து வந்தது.) இதற்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியா சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம். நம் செல்லின் வெளிப்புறமோ கிட்டத்தட்ட நடுநிலை. ஆகவே ஆள் பார்த்து ஒட்டும். ஒட்டியதும் சுருளாக மடியும்: ஒரு பக்கம் தண்ணீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை. அப்படியே சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடும்.

சவ்வையே மாற்றுவது பாக்டீரியாவுக்குச் சுலபமல்ல. முடியாததும் அல்ல. இன்னொரு பெப்டைடு மருந்தான கோலிஸ்டினை ஏமாற்ற, சவ்வின் எதிர்மின்னூட்டத்தைக் குறைக்கும் எம்சிஆர்-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015இல் செய்தி வந்தது.

விலையில் பென்சிலின்தான் ஜெயிக்கும்; பூஞ்சையை வளர்த்தால் போதும். பெப்டைடைத் தயாரிக்கச் செலவு அதிகம், விழுங்கினால் வயிறு செரித்துவிடும். மகைனினிலிருந்து உருவான பெக்ஸிகனான் களிம்பு, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்காக அமெரிக்காவில் அனுமதி கேட்டது, 1999இல் மறுத்துவிட்டார்கள். என் கணிப்பில் மகைனின் போன்ற பெப்டைடுகளுக்கு முதலில் இடம் கிடைக்கப்போவது தோலில்தான், மாத்திரை அட்டையில் அல்ல.