பூஜாங் பள்ளத்தாக்கா, தைப்பிங் மிருகக்காட்சிசாலையா? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

கெடா மாநிலத்தில் பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பள்ளி விடுமுறை நெருங்கினால் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று, மெர்போக்கில் ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். மற்றது பக்கத்துப் பேராக் மாநிலத்துத் தைப்பிங் ஜூ. எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒருவன், பத்து வயதில் ஒருத்தி, கூடவே முழங்கால் வலியோடு மாமியார். இந்த முறை பூஜாங் பக்கம் சாய்ந்தோம். ஏன் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

ஜூவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1961-இல் தொடங்கியது, நாட்டின் பழைய ஜூக்களில் ஒன்று, 36 ஏக்கர் பரப்பு. புலி, யானை, ஓராங் ஊத்தான், நீர்யானை என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பது எல்லாம் உண்டு. ஈயம் தோண்டிய குட்டைகளை ஏரிகளாக்கிய பூங்காவை ஒட்டியே இருப்பதால், வெளியே வந்தாலும் தூங்குமூஞ்சி மரத்து நிழலில் உட்காரலாம். இரவு சஃபாரியும் நடத்துகிறார்கள். அதற்குப் பிள்ளைகளை நாங்கள் கூட்டிப் போனதில்லை, ஆகவே அதில் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது டிக்கெட்தான். விலை அதிகம் என்பதல்ல சங்கதி. காசு கட்டி உள்ளே போய்விட்டால் முழுசும் பார்க்காமல் திரும்ப நமக்கு மனசு வராது. அதிலும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, டோல் கட்டி, ஜூரு நெரிசலில் நின்று போனால் கேட்கவே வேண்டாம். ஐந்து வயதுப் பையன் ஒன்றரை மணி நேரம் தாங்குவான். அப்புறம் தூக்கு என்பான், தண்ணீர் என்பான், கரடி வேண்டாம் என்பான். நாமோ இன்னும் ஒட்டகச்சிவிங்கி பாக்கி என்று இழுத்துக்கொண்டு போவோம். கடைசியில் யாருக்காகப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

பூஜாங்கில் இந்தத் தொல்லை கிடையாது. நுழைவு இலவசம், வீட்டிலிருந்து செமிலிங் வழியாகப் போனால் கொஞ்ச தூரம்தான். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கிளம்பிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மிச்சத்தை அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். வரலாறு மாதிரி கனமான விஷயத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித் துண்டு துண்டாகத்தான் ஊட்ட முடியும்.

ஆனால் போனதும் ஏமாற்றம் உறுதி. “கோயில் என்றீர்களே, சாமி எங்கே?” என்றுதான் முதல் கேள்வி வரும். அங்கே நிற்பவை கோபுரமில்லாத அடித்தளங்கள் மட்டுமே. இந்தப் பழங்காலக் கோயில் எச்சங்களை மலாயில் சண்டி என்பார்கள். ஓடையோரத்தில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி அதன் பழைய இடத்திலேயே இருக்கிறது, 1960 வாக்கில் சீரமைத்தது. வேறு இடங்களில் கண்டெடுத்த சில சண்டிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வளாகத்திலேயே மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். ஒன்று கருங்கல், இன்னொன்று செங்கல், மற்றொன்று செம்புரைக்கல். என் மகள் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பையனைப் பிடித்து நிறுத்தியவை தூண் நட்ட கற்கள். நடுவில் குழி வெட்டிய கற்கள் வரிசையாக இருக்கின்றன, மழை பெய்திருந்தால் குழியில் தண்ணீர் நிற்கும். விரலை விட்டுக் கலக்கிக்கொண்டே தூண் எங்கே போச்சு என்றான். மரத் தூண்கள், மேலே ஓலைக் கூரையாக இருந்திருக்கலாம், எல்லாம் மக்கிப் போய்விட்டன என்றதும் தலையை நிமிர்த்தி இல்லாத கூரையைத் தேடினான். அங்கிருந்து கப்பல் கதைக்குத் தாவுவது சுலபம். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையைக் கடலிலிருந்து அடையாளம் பார்த்துத்தான் வணிகர்கள் கரை சேர்ந்தார்கள், 1025-இல் ராஜேந்திர சோழனின் படையும் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்தது. சண்டை என்றதும் இரண்டும் வாயைப் பிளந்து கேட்டன.

இந்தக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. படிக்காமல் போனால் பிள்ளைகளுக்கு அது வெறும் கல்லுதான். வரலாற்றுப் பாடம் நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது என்பதால் அதற்குக் கீழே உள்ளவர்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மாமியார் கணக்குப்படி ஜூதான் ஜெயித்தது, அதை மறைக்க மாட்டேன். அங்கே பாதை சமதளம், முடியாதவர்களுக்கு டிராம் வண்டி இருக்கிறது. பூஜாங்கில் சண்டிக்குப் படியேற வேண்டும், குழந்தையைத் தள்ளும் வண்டி உதவாது. மாமியார் கீழேயே மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன நாசி லெமாக்கைக் காவல் காத்தார்.

ஓடையைப் பார்த்ததும் பிள்ளைகள் இறங்கத் துடிக்கும். வானம் வெளுத்திருந்தால் ஓரத்தில் கால் நனைக்க விடலாம். மலைமேல் கருத்திருந்தால் வேண்டவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து திடீரென்று இறங்கிய வெள்ளம் உயிர்களையே கொண்டுபோனது.

இத்தனைக்கும் பிறகு ஜூதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். கெடாவில் நமக்கு வார விடுமுறை, பேராக்கில் வேலை நாள், கூட்டம் குறைவு. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் தைப்பிங் மழையை நம்ப முடியாது.