தீவுக்கு மீன்பிடிக்கப் போறவங்க முன்பணம் கட்டும் முன் இதைப் படிங்க

அக்டோபர் பிறந்தால் தீவுச் சீசன். தூண்டில்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பிடிஎஃப் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது: "லட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு. எந்தத் தீவு வேண்டுமோ தேர்ந்தெடுங்கள், படகும் மீனும் எங்கள் பொறுப்பு." போன சீசனில் எங்களிடம் வந்ததும் இதே பிடிஎஃப்தான். அட்டைப்படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரிகிறவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் நாலு பேர். பழவேற்காடு, கோவளம் பக்கம் லீவு நாளில் ராடு தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள். கரையிலிருந்து கொடுவா மீனும் சின்னப் பாறை மீனும் பிடித்துப் பழகியாயிற்று, ஒரு தடவையாவது ஆழ்கடலில் பெரிய பாறை மீன், ஜிடி என்கிறோமே, அதைப் பாப்பர் (தண்ணீர் மேலே தெறித்துக்கொண்டு வரும் போலி இரை) போட்டு இழுத்துப் பார்க்கணும் என்பது ஆசை. மூன்று தீவுக்கும் விலை கேட்டோம். ஏஜென்ட் சொன்ன கணக்கு இப்படி: மாலத்தீவு கையைக் கடிக்கும், அந்தமானில் கூட்டம், லட்சத்தீவுதான் சரி, அங்கே மீன் இன்னும் தூண்டிலையே பார்த்ததில்லை. 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த படங்களுக்குப் பிறகு ஊரே லட்சத்தீவைத் தேடிக்கொண்டிருந்தது, அந்த அலையில் அவருக்கு வியாபாரம் நன்றாகவே ஓடியிருக்கும்.

லட்சத்தீவுக்கே சரி என்றோம். ஆளுக்கு 68,000 ரூபாய். அகத்தித் தீவு வரை விமானம், அங்கிருந்து பங்காரம் தீவு, மூன்று நாள் படகு, ராடு ரீல் எல்லாம் அடக்கம். முன்பணம் ஒன்றரை லட்சம். அது தவிர "பெர்மிட் சார்ஜ்" என்று ஆளுக்கு 6,000.

இந்தப் பெர்மிட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கணும், ஏமாற்று வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கே நுழைவு அனுமதி வேண்டும், 1967ஆம் வருட விதிகளிலிருந்து இதுதான் நடைமுறை. எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கும். அரசுக் கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான். கொச்சியிலிருந்து அகத்திக்குப் போவது சின்ன விமானம், சீட்டு குறைவு. அதனால் அனுமதி கையில் இல்லாமல், டிக்கெட்டில் பிஎன்ஆர் இல்லாமல், "லட்சத்தீவு பேக்கேஜ் கன்ஃபர்ம்" என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் எதுவுமே இல்லை என்று அர்த்தம். உங்கள் பணம் மட்டும்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஏப்ரல் தேதி. விண்ணப்ப எண் கேட்டோம், "ப்ராசஸில் இருக்கு சார்." டிக்கெட் கேட்டோம், "குரூப் புக்கிங் சார், கடைசி வாரம்தான் பேரு ஏத்துவாங்க." கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது போன்: "சார், அட்மினிஸ்ட்ரேஷன்ல நம்ம லாட் மொத்தமும் ரிஜெக்ட். என் கையில ஒண்ணும் இல்ல. ஆனா உங்களுக்கு நஷ்டம் வராம பாத்துக்கறேன். அதே காசுக்கு அந்தமான். ஃபிஷிங் அங்கதான் சார் சூப்பர்."

இரண்டு மாதம் முன்னால் கூட்டம் என்று ஒதுக்கிய அதே அந்தமான்.

ரிஜெக்ட் ஆன கடிதத்தைக் காட்டுங்கள் என்றோம். வரவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால், கேன்சலேஷன் 75 சதவீதம் பிடிப்பு, பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது என்றார். ரத்து செய்தது அவர், பிடிப்பு எங்களுக்கு! பிறகு லட்சத்தீவு நிர்வாகத்தின் பக்கம் விசாரித்தபோது, எங்கள் பெயரில் விண்ணப்பமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. 24,000 ரூபாய் எதற்கு வாங்கினார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

வேறு வழியில்லாமல் அந்தமானுக்கு ஒப்புக்கொண்டோம். அதற்கு அவர் கொடுத்த தேதி மே மூன்றாம் வாரம். அதுதான் அடுத்த சூது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு ஜூன் 1ஐ ஒட்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்னாலேயே, மே 20ஐ ஒட்டி, அது அந்தமானைத் தொட்டுவிடும். அங்கே தூண்டில் போட நல்ல காலம் சுமாராக டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. சீசன் முடிந்து அறை மலிவாகக் கிடைக்கிற வாரத்தில் எங்களைத் தள்ளிவிட்டு, சீசன் விலையை வாங்கிக்கொண்டார். லட்சத்தீவிலும் இதே கதைதான்: மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவு வரை கடல் மூடின மாதிரி. தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது.

போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஆட்டோக்காரர்கள் இன்னும் போர்ட் பிளேயர் என்றுதான் சொல்கிறார்கள்) இறங்கின மறுநாளே மழை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் தீவுக்குப் போகிற கப்பல் ரத்து, படகு எதுவும் வெளியே போகக்கூடாது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "இயற்கைச் சீற்றம் சார், அதுக்கு ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு." வருடா வருடம் அதே வாரம் வருகிற மழை எப்படி எதிர்பாராத சீற்றமாகும்?

ஒரு நாள் காலையில் கொஞ்சம் வெளுத்தது. படகு வந்துவிட்டது, ஜெட்டிக்கு வாங்க என்றார்கள். பிடிஎஃப்பில் இருந்தது இரட்டை எஞ்சின், மேலே கூரை, மீன் காட்டும் கருவி, பெரிய மீனோடு மல்லுக்கட்ட உட்காரும் நாற்காலி வைத்த வெள்ளைப் படகு. ஜெட்டியில் நின்றது ஒரு மரத்தாலான டிங்கி. ஒற்றை எஞ்சின், டக் டக் டக் என்று. லைஃப் ஜாக்கெட் இரண்டு. ராடு என்று கொடுத்தது, நரம்பு ஓடுகிற கைடு வளையம் உடைந்த இரண்டு குச்சிகளும், ராடு இல்லாமல் கையாலேயே இழுக்கிற கைநரம்பு ஒரு உருளையும்.

படகோட்டி நல்ல மனுஷன். ராமநாதபுரத்துப் பூர்வீகம், அவருடைய அப்பா காலத்திலேயே அங்கே போனவர்கள். எங்கள் பயணத் திட்டத்தாளைக் காட்டினேன். "முதல் நாள்: ஜாலி பாய் தீவருகே கேம் ஃபிஷிங்" (விளையாட்டாகப் பெரிய மீன் பிடிப்பது) என்று இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதை எழுதுனவன் அந்தமானை மேப்புலயாச்சும் பாத்திருக்கானா? ஜாலி பாய் நேஷனல் பார்க்கு. அங்க பிளாஸ்டிக் பாட்டிலே கொண்டுபோக விடமாட்டான், தூண்டிலோட போனா படகையே புடிச்சு வச்சுக்குவான்."

அவர் சொன்னது சரி. வண்டூர் பக்கத்துத் தீவுகளைச் சேர்த்து 1983இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்தான் ஜாலி பாய் இருக்கிறது. பவளப்பாறையைப் பார்க்கலாம், மீன் பிடிக்கக்கூடாது. இரண்டாம் நாளுக்கு எழுதியிருந்தது இன்னும் மோசம்: "வடக்கு சென்டினல் திசையில் டிராலிங்", அதாவது ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவது. வெளியாட்களை ஏற்காத பழங்குடி வாழ்கிற அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல்மைல் யாருக்கும் அனுமதி கிடையாது. 2018இல் ஒரு அமெரிக்க இளைஞர் அங்கே போய் உயிரை விட்டார், அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவருக்கு ஒன்றும் ஆகாது. மாட்டப்போவது அந்த டிங்கிக்காரரும் நாமும்தான்.

"உங்களுக்கு எவ்வளவு பேசியிருக்காங்கண்ணே?"

"எட்டாயிரம். டீசல் எங்கணக்கு. மத்தியானத்துக்குள்ள திரும்பிடணும்."

எங்கள் விலைப்பட்டியலில் படகுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 35,000.

லைஃப் ஜாக்கெட் இன்னும் மூன்று வராமல் ஏறமாட்டோம் என்று நின்றோம். ஏஜென்ட்டின் உள்ளூர் ஆள் எரிச்சலாகிவிட்டார், "எல்லாரும் இப்படியேதான் சார் போறாங்க" என்றார். 2014 ஜனவரி 26 அன்று இதே ஊரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றின படகு. அவர்களிடமும் யாரோ இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். ஜாக்கெட் வர ஒரு மணி நேரம் ஆனது, கவலையில்லை.

பிடித்த மீன்? கைநரம்பில் நாலைந்து சங்கரா, உள்ளங்கை அளவு களவா ஒன்று, அதை விட்டுவிட்டோம். கடல் கலங்கியிருந்தது. பாப்பர் போட ஆசைப்பட்டவர்களுக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்களில் ஒருவனுக்குத் தூத்துக்குடி, படகைப் பார்த்தால் ஊர் சொல்லிவிடுவான். திரும்பிவந்து பிடிஎஃப்பை நிதானமாகப் பார்த்தவன், "அந்தமான் படகு" என்று போட்டிருந்த படத்தில் முன்பக்கம் வளைந்து நிமிர்ந்திருக்கிற அந்த அணியம் மாலத்தீவுத் தோணிக்கே உரியது என்று காட்டினான். படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினோம், வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் இருந்தது.

எந்தத் தீவுதான் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: தீவை முதலில் முடிவுசெய்யாதீர்கள். போகமுடிகிற மாதமும் என்ன மாதிரித் தூண்டில் என்பதும்தான் தீவை முடிவுசெய்யும். ஜிடி, பாப்பிங், ஜிக்கிங் (கனமான போலி இரையை ஆழத்தில் இறக்கி ஆட்டி இழுப்பது) என்றால் அந்தமான், ஜனவரி முதல் ஏப்ரல் ஆரம்பம் வரை, அங்கேயே பதிவுசெய்த படகு வைத்திருக்கிறவரிடம் நேராகப் பேசி. நல்ல படகு மலிவாகக் கிடைக்காது. நாலு பேர் பங்கு போட்டாலும் வலிக்கும், ஆனால் அந்த வலிக்குப் பலன் உண்டு.

லட்சத்தீவு வேறு மாதிரி. அங்கத்திய ஆட்களின் சூரை மீன் (டியூனா) பிடிப்பே பார்க்க வேண்டிய வித்தை: உயிருள்ள சின்ன மீனைக் கடலில் வீசி, தண்ணீரைப் பீய்ச்சி, சூரைக் கூட்டம் மேலே வந்ததும் முள் இல்லாத கொக்கி மாட்டின கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிவார்கள். நம் வீட்டு மாசிக்கருவாடு அப்படிப் பிடித்த சூரைதான். நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் (SPORTS, அமைப்பின் சுருக்கப் பெயரே அதுதான்) மூலமாகவே கொச்சியிலிருந்து கப்பல் பயணம் கிடைக்கிறது. நேராக அங்கே கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். ஆனால் கேம் ஃபிஷிங் படகு வரிசை கட்டி நிற்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

மாலத்தீவில் விசா தொல்லை கிடையாது, இறங்கினதும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். படகும் தாராளம். அங்கே ஏமாறுவது விலைப்பட்டியலில். "பிளஸ் பிளஸ்" என்று ஒரு குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி, ராத்திரிக்கு ஆளுக்கு இத்தனை டாலர் என்று பசுமை வரி அதற்கு மேல். கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் போய் இறங்கினால் அந்த ராத்திரி மாலே பக்கத்திலேயே காசு கொடுத்துத் தங்கணும். வெள்ளிக்கிழமை பொதுப் படகுச் சேவை பெரும்பாலும் கிடையாது, அன்றைக்கு வேகப்படகுக்காரர் வைத்ததுதான் விலை. சுறா பிடிப்பது 2010இலிருந்தே தடை, மாட்டினால் நரம்பை அறுத்து மீனை விட்டுவிடணும். மக்கள் வசிக்கிற தீவில் விருந்தினர் இல்லத்தில் தங்கி, உள்ளூர்த் தோணியில் ராத்திரி கைநரம்பு போடப் போவது ரிசார்ட் செலவில் கால்வாசிகூட ஆகாது. எங்கள் ஏஜென்ட் மாலத்தீவைக் கையைக் கடிக்கும் என்று சொன்னபோது இந்த வழியைச் சொல்லவே இல்லை.

யாரிடம் போனாலும் பணம் அனுப்பும் முன் படகின் பதிவு எண், எத்தனை பேர் ஏற்ற அனுமதி, படகின் இப்போதைய படம் (வீடியோ கால் போட்டால் இன்னும் நல்லது), படகோட்டியின் போன் எண் இவற்றைக் கேளுங்கள். படகோட்டியோடு பேசவிடமாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் கம்பெனிக் கணக்குக்குப் போகணும். எங்களிடம் "கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் தாண்டிடுச்சு" என்று சொல்லி ஒரு தனிநபரின் யுபிஐக்கு வாங்கினார்கள், ஜிஎஸ்டி பில்லும் வரவில்லை. மழை வந்து படகு போகாவிட்டால் படகுக் காசு திரும்பும் என்ற ஒரு வரியை எழுத்தில் வாங்குங்கள். ஒழுங்கான படகுக்காரர்கள் அதைத் தயங்காமல் எழுதித் தருகிறார்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். அதற்கு மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம், ஏஜென்ட்டின் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டாகணும். ஆளே தலைமறைவாகிவிட்டால் அது மோசடி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிடுங்கள். எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 40,000 ரூபாய் வந்தது, "நல்லெண்ண அடிப்படையில்" என்று ஒரு குறிப்போடு. மீதிக்கு மனு நடக்கிறது.

உங்கள் கையில் இருக்கிற திட்டத்தாளில் "ஜாலி பாய் தீவருகே கேம் ஃபிஷிங்" என்ற வரி இருந்தால் அது இவர்கள்தான், வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள். பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஏற்கெனவே இன்னும் இரண்டு குழுக்கள் பேசியிருக்கிறார்கள், ஒருவருக்கு அதே "லாட் ரிஜெக்ட்" கதை, ஒரு எழுத்து மாறாமல்.