ஆலோசனைக் கட்டணம் என்று எழுதிய ரசீது: சிங்கப்பூருக்கு வர நினைக்கும் மருத்துவர்களுக்கு

"நீ நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால் போதும், தம்பி" என்று அக்கா சொன்னாள். போய்ப் பார்த்தேன். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடி. வெளிநாட்டு மருத்துவர்களுக்கு இங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகர் அலுவலகம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுவரில் சட்டம் போட்ட நிறுவனப் பதிவுச் சான்றிதழ். பேசியவரும் நம் ஊர்க்காரர். "நல்ல இடமாகத்தான் தெரிகிறது" என்று அன்றிரவே சொல்லிவிட்டேன். மறுநாள் அக்கா வளையல்களை அடகு வைத்தாள். அங்கே மூன்று லட்சம் ரூபாய், இங்கே என் கணக்கிலிருந்து மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இருபது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கும் என் வாய்ச்சொல்லை நம்பிப் போன பணம் அது. அந்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா மகள் தமிழ்நாட்டில் ஓர் அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தவள். மருத்துவ மன்றப் பதிவு, மருத்துவமனை வேலை, வேலை அனுமதி மூன்றையும் மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். "2025 பிப்ரவரியில் பட்டியலைப் பெரிதாக்கிவிட்டார்கள், இப்போது எல்லாக் கல்லூரிக்கும் வழி திறந்துவிட்டது" என்றார் அந்த மனிதர். பாதி உண்மை. அதுதான் கொடுமை. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் 2020இல் 160இலிருந்து 103ஆகக் குறைந்தது. 2025 பிப்ரவரியில் 112ஆகக் கூடியது. அப்போது உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். அவள் படித்த கல்லூரி அதில் இல்லை. மன்றத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

பணம் கட்டிய பிறகு எனக்குத் தெரியவந்த நடைமுறை இது. கல்லூரி பட்டியலில் இருந்தால், மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்ற நிபந்தனைப் பதிவு கேட்கலாம். இல்லையென்றால், எம்ஆர்சிபி (பிரிட்டிஷ் பொது மருத்துவத் தேர்வு) போன்ற அங்கீகரிக்கப்பட்ட மேற்படிப்புத் தகுதி இருந்தால் பரிசீலிப்பார்கள். எந்த வழியானாலும் முதலில் ஒரு மருத்துவமனை வேலை தர முன்வர வேண்டும். பதிவுக்கான விண்ணப்பத்தை அந்த மருத்துவமனைதான் கொடுக்கும். பட்டம் உண்மையானதா என்பதைப் படித்த இடத்திலேயே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்வார்கள். இதில் தரகர் பணம் கட்டி வாங்கித் தருவதற்கு ஒன்றுமே இல்லை. "மன்றத்தில் எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அவளைச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னார்கள். "வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். நான்காம் நாள் வேலைக் கடிதம் கொடுத்தார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் படித்தோம். முதல் பக்கத்தில் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், சம்பளத்துக்கு மேல் உள்ள வரியில், பதவி: கிளினிக் உதவியாளர். நோயாளியின் பெயரைப் பதிவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, கட்டணம் வாங்குவது. அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அவள் ஐந்தரை ஆண்டு உழைத்தது அதற்காக அல்ல. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். "மாமா, இது தட்டச்சுப் பிழையாக இருக்குமோ?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதுவரை விசிட் பாஸில், அதாவது சுற்றுலாவாக வருபவருக்குத் தரும் தங்கும் அனுமதியில், "இரண்டு நாள் வந்து பழகிப் பாருங்கள்" என்று வேறு அழைத்தார்கள். நல்லவேளை, போகவில்லை. அந்தப் பாஸில் வேலை செய்தால் இங்கே குற்றம், மாட்டிக்கொள்வது அவள்தான்.

பணத்தைக் கேட்டபோது ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வாயால் சொன்னது பதிவுக் கட்டணம். ரசீதில் இருந்தது 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது'. ஆலோசனை கொடுத்துவிட்டார்களாம். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் வெறும் நிறுவனப் பதிவு. வேலைக்கு ஆள் சேர்க்கும் உரிமம் வேறு. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற வேலை முகவை நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இவர்கள் பெயர் இல்லை. உரிமம் உள்ளவர்களே ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக்கூடாது. எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. இந்தியாவில் உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அக்காவிடம் வாங்கியது அதைப்போல் பத்து மடங்கு.

மனிதவள அமைச்சிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை ஒரு வெள்ளியும் திரும்பி வரவில்லை. அவள் ஊருக்குத் திரும்பி, ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே எம்ஆர்சிபி முதல் தாளுக்குப் படிக்கிறாள். வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. வட்டியை நான் கட்டுகிறேன்.

அந்த மாடிக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, கையில் சான்றிதழ்க் கோப்போடு ஒரு பையன் படியேறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு நிறுத்தி, அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். ஏற்கெனவே எங்கேயாவது பணம் கட்டியிருக்கிறீர்கள் என்றால், அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.