இன்டிசைனில் யூனிகோட் தமிழ்: 'தலைவர்' ஏன் 'தலவைர்' ஆகிறார்?

புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பரில் வழக்கமாக வரும் கேள்விதான், நண்பர் ஒருவர் கேட்டார்: "ஃபான்ட்டை எம்பெட் பண்ணினா போதுமா, கர்வ் போட்டுத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்பணுமா?"

எம்பெட் என்றால் ஃபான்ட்டை பி.டி.எஃப்.புக்குள்ளேயே வைத்து அனுப்புவது; கர்வ் என்றால் எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிடுவது. எம்பெட் போதும். ஆனால் தமிழில் பிழை அதற்கு வெகு முன்பே நுழைந்துவிடுகிறது. எத்தனை வருடம் பயன்படுத்தினாலும் ஆறாத எரிச்சல் இதுதான்: புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் ஆங்கிலப் பதிப்பு முதலில் தருவது சாதாரண கம்போசர் (எழுத்துகளை வரியாக அடுக்கும் பகுதி). யூனிகோடில் 'லை' என்பது ல, அடுத்து ஐகாரக் குறி என்ற வரிசையில் பதிவாகும். குறியை முன்னால் தள்ளி வைப்பது கம்போசரின் வேலை. இது தள்ளாது. குறி வ-வோடு ஒட்டிக்கொண்டு 'தலவைர்' என்று நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவான பாமினியில் இந்தத் தொல்லையே இல்லை, கொம்பை முதலில் அடித்துவிடுகிறோம். திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைகள் அதை இன்னும் விடாததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களை மின்நூலாக்க நினைத்தால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

தீர்வு: எந்த ஃபைலையும் திறக்காமல், பேசிக் பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றுங்கள். அதோடு முடியாது. வேர்டிலிருந்து வரும் ஸ்டைல்கள் பழைய கம்போசரோடு வந்து இறங்கலாம். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அடிக்குறிப்பு ஸ்டைல்.

அடுத்து நிறம். வேர்டின் கறுப்பு சில சமயம் ஆர்.ஜி.பி.யாக (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையாக) வந்து, அச்சின் நான்கு நிறப் பிளேட்டிலும் ஏறிவிடும். ரிஜிஸ்டர், அதாவது நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் செப்பரேஷன்ஸ் பிரிவ்யூவில் பிளாக்கை அணைத்துப் பாருங்கள். எழுத்து மறையாவிட்டால் அதை 100 சதவீத பிளாக்காக மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியென்றால், அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப். எக்ஸ்-4 வடிவம் அருமையாக வேலை செய்கிறது. அந்த பி.டி.எஃப்.பை அக்ரோபேட்டில் திறந்து கன்ட்ரோல்-டி அழுத்தினால் ஃபான்ட்ஸ் பக்கம்: எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' (பயன்பட்ட எழுத்துகள் மட்டும் உள்ளே வைக்கப்பட்டவை) என்று இருக்க வேண்டும். பிரஸ்ஸில் கர்வ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இன்டிசைன் ஃபைலைத் தொடாதீர்கள். அங்கே அவுட்லைன் (கர்வுக்கு மென்பொருள் வைத்த பெயர்) போட்டால் அடிக்கோடும் புல்லட்டும் காணாமல் போகும். பி.டி.எஃப். நகல் ஒன்றில், அக்ரோபேட்டின் அச்சுக்கு முந்தைய சோதனைக் கருவியான பிரீஃப்ளைட்டில் உள்ள 'கன்வர்ட் ஃபான்ட்ஸ் டு அவுட்லைன்ஸ்' போதும்.

தமிழ்ப் புத்தக வேலைக்கு இதைவிட நல்ல கருவியைக் கைகாட்ட முடியவில்லை. ஆனாலும் வாங்கச் சொல்ல வாய் வரவில்லை. மாதா மாதம் சந்தா கட்டுபவரிடம் 'தலைவர்' என்ற சொல்லைக்கூட முதல் நாளே சரியாகக் காட்டாத மென்பொருள் இது.