ஜிஎஸ்டி பதிவுக்கு "அரசுக் கட்டணம்" கேட்கிறார்களா? கவனம்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியபோது, வரிப் பதிவு செய்து தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரிடம் ஏமாந்தேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தொழில் தொடங்கிய நாளிலிருந்தே ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்றார் அவர். அது உண்மையல்ல. தமிழ்நாட்டில் சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயமாகிறது. பொருள் மட்டும் விற்பவருக்கு அந்த வரம்பு 40 லட்சம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், என் தொழில் அவற்றில் வரவில்லை. வருமான வரிக் கணக்கு தனி. அதற்கு பான் எண் போதும்.

அவர் கொடுத்த ரசீதில் தம் கூலியோடு "அரசுக் கட்டணம்" என்று இன்னொரு தொகையும் இருந்தது. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. அரசின் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பது மோசடி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, விண்ணப்பத்தில் என் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தம்முடையவற்றைப் போட்டிருந்ததுதான். ஓடிபி அவருக்குப் போயிற்று, துறையின் அறிவிப்புகளும் அவருக்கே போயின. விற்பனையே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்ய வேண்டிய 'நில்' ரிட்டர்ன்களை (வெற்றுக் கணக்குகளை) அவர் தாக்கல் செய்யவே இல்லை. விற்பனையையும் வரியையும் சுருக்கமாகக் காட்டும் 'ஜிஎஸ்டிஆர்-3பி' ரிட்டர்ன் 'நில்'லாக இருந்தால் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 20 ரூபாய், ரிட்டர்ன் ஒன்றுக்கு அதிகபட்சம் 500 ரூபாய். மாதாந்திரத் தாக்கலில் தொடர்ந்து ஆறு மாதம் விட்டுப்போனால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. முதல் பில்லைப் போடுவதற்காக வாடிக்கையாளர் ஒருவர் என் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்த்தபோது, அது இடைநிறுத்தப்பட்டிருப்பதாகத் திரையில் காட்டியது. ஆலோசகர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்கள் அவர் பின்னால் அலைய வேண்டியதில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் 'வரி செலுத்துபவரைத் தேடு' பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணை இட்டால், உள்நுழையாமலேயே, நீங்கள் எந்த அலுவலக வரம்பில் வருகிறீர்கள் என்பதும் எந்தெந்த ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கிறது என்பதும் தெரியும். அடையாளச் சான்றும் தொழில் ஆவணங்களும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், அதிகாரியே மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மாற்றித் தருவார். புதிய பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நிலுவை ரிட்டர்ன்களைத் தாமதக் கட்டணத்தோடு நானே தாக்கல் செய்த பிறகு இடைநிறுத்தம் நீங்கியது. ரத்தே ஆகிவிட்டிருந்தால், உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறக் கோரி விண்ணப்பிக்கலாம்.

யாரிடமாவது ஏற்கெனவே பதிவுப் பணியைக் கொடுத்திருப்பவர்கள், உள்நுழைந்து 'அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமிடுபவர்' பகுதியில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.